இசக்கிராஜாவின் மாத்திரையும் மீதி முதுகும்

இசக்கிராஜா இதுவரை ஆட்களுக்குத் தேய்த்த எண்ணெயை ஒன்றாக ஊற்றினால் குற்றாலத்தில் புதிதாக ஓர் அருவியே விழும். சரி, அருவி என்பது கூடுதல்தான். ஒரு வாய்க்கால் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதில் பாதி எண்ணெய் பாதி உடம்போடு நின்றுபோனது என்பதில் மிகையே இல்லை.

அவனுக்கு வயது முப்பத்தாறு. அருவிக்குப் போகும் வழியில் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவது தொழில். கை நல்ல கை. மனசுதான் ஓரிடத்தில் உட்காராது. போன சீசனில் மதுரைக்காரர் ஒருவருக்கு வலது பக்கம் முழுக்கத் தேய்த்துவிட்டு, எண்ணெய் சுடவைக்க எழுந்தான். ஒரு குரங்கு யாருடைய துண்டையோ பறித்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஓடித் துண்டை மீட்டான். டீ குடித்தான். ரிவர்ஸ் எடுக்கத் திணறிய வேன்காரருக்கு விசிலடித்து வழி சொன்னான். மதுரைக்காரரோ ஒரு பக்கம் பளபளக்க, மறுபக்கம் வெளிறிப்போய், சாரலில் நடுங்கியபடி கடை கடையாக அவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

பலகைகளுக்கு இடம் பிரித்துக் கொடுப்பவர் தங்கசாமி அண்ணாச்சி. அன்றைக்கே சொல்லிவிட்டார்.

“ஏலே, இன்னும் ஒருத்தரப் பாதியில விட்டேன்னு வையி, ஒன் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்.”

அந்த இடம் போனால் இசக்கிராஜாவுக்கு வேறு தொழில் தெரியாது.

மகளுக்குப் படிப்பில் கவனமில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதால், அவனும் மனைவி அனுசியாவும் அவளைத் திருநெல்வேலியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை எழுந்துபோய் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தான்.

“பிள்ளை இருக்கட்டும் சார். முதல்ல நீங்க உக்காருங்க” என்றார் டாக்டரம்மா.

அப்புறம் அவனுடைய சின்ன வயசுக் கதை, அவன் அம்மாவிடம் விசாரணை, ரத்த அழுத்தம், இதயப் பரிசோதனை. கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.ஹெச்.டி. பெரியவர்களுக்கும் உண்டு, அவனுக்கும் இருக்கிறது என்று சொல்லி, மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதினார். எல்லாக் கடையிலும் கிடைக்காது. சீட்டைக் காட்டாமல் கொடுக்கமாட்டார்கள். மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும்.

“போத மாத்திரையாம்லா?” என்றார் தங்கசாமி.

“டாக்டர் எழுதுன அளவுக்கு மேல ஒரு துண்டு போடமாட்டேன் அண்ணாச்சி. அளவுக்குக் கீழயும் போடமாட்டேன். இந்த எடத்த விடவும்மாட்டேன்.”

முதல் வாரமே வேறு வம்பு. மாத்திரை வேலை செய்தது. ஒருவருடைய இடது குதிகாலை அரை மணி நேரம் தேய்த்தான். வரிசையில் நின்றவர்கள் பக்கத்துப் பலகைக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சிரித்தார்.

“மாத்திரை கவனத்தக் குடுக்கும். அத எங்க வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்.”

ஆகவே சொல்ல ஆரம்பித்தான், அதுவும் சத்தமாக, பஸ் கண்டக்டர் மாதிரி. “தல முடிஞ்சிது. கழுத்து வருது. முதுகெல்லாம் முன்னால வா!” ஆட்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அசையாமல் உட்கார்ந்தும் இருந்தார்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை; பிறகு பசிக்காது என்பதால் அனுசியா இட்லி எண்ணிக்கையில் கறாராக இருந்தாள்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பலகையில் புளியறை லாரிக்காரர் ஒருவர். வலது கால் மட்டும் பாக்கி. திடீரென்று அருவிப் பக்கம் போலீஸ் விசில், கூச்சல். வெள்ளம். எண்ணெய் தேய்ப்பவர்கள் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். லாரிக்காரரே, “என்னன்னு பாத்துட்டு வாங்களேன்” என்றார். இசக்கிராஜாவின் கழுத்து தானாகத் திரும்பியது. தங்கசாமி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது கால் வருது” என்றான் இசக்கிராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. தொடை, முழங்கால், கணுக்கால், ஐந்து விரலும் முடித்துத்தான் நிமிர்ந்தான்.

“அடுத்த ஆள ஒக்கார வைலே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கசாமி நகர்ந்தார். இடம் அவனுக்குத்தான்.

மாத்திரை தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இசக்கிராஜா பாதியில் எழுந்ததில்லை என்று எழுதி, பக்கத்து வீட்டு ஆச்சியான நான் அனுசியாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் விடவில்லை.

“பொய் எழுதாதீங்க ஆச்சி. ரெண்டு தடவ எந்திச்சுப் போனாவ. ரெண்டு தடவயும் வழியில நெனப்பு வந்து, அவியளாத் திரும்பி வந்து முடிச்சாவ. அத எழுதுங்க.”