முக்பில் ஏற்றிப்போன இன்சுலின்

சண்டைக்கு முன்னால் தைஸ் நகரத்தில் முக்பிலின் சின்ன பஸ்ஸைத் தெரியாதவர்கள் குறைவு. நகரத்தின் வெளியோரத்து ஹவ்பானில் ஏறினால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் நகரத்தின் பெரிய வாசலில் இறக்கிவிடுவார். கதவில் தொங்கியபடி ஆள் கூப்பிடுவது சைஃப். வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றுவான். காசு தராமல் நழுவும் இளவட்டங்களை அவர்கள் வீட்டு வாசல்வரை துரத்திப் போய்ச் சத்தம் போடுவான். மதியம் இருவருக்கும் ஒரே சட்டியில் கொதிக்கக் கொதிக்க ஃபஹ்சா கறி.

"கறித்துண்டெல்லாம் உன் பக்கமே எப்படிடா ஒதுங்குது?"

"நீங்க வண்டி ஓட்டுற லட்சணத்துல பூமியே என் பக்கம் சாஞ்சிருச்சு அண்ணே."

அப்படி இருந்த ஊர் இரண்டாகப் பிளந்தது. ஹவ்பான் ஒரு தரப்பிடம், நகரம் மறு தரப்பிடம், நடுவிலிருந்த சாலையில் கண்ணிவெடி. பஸ் நின்றுபோனது. சைஃப் துப்பாக்கி தூக்கப் போனான் என்று முக்பில் கேள்விப்பட்டார். அவர் ஒரு நிவாரண அமைப்பில் லாரி ஓட்டப் போனார். அதே நகரத்துக்குள் நுழைய இப்போது மலையைச் சுற்றி ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும். இந்தப் பக்கம் அவரை "அவங்க ஆளு" என்றார்கள். அந்தப் பக்கம் "உளவாளி" என்றார்கள்.

அமைப்பின் வெளிநாட்டுக்காரர்கள் குண்டு விழத் தொடங்கியதுமே விமானம் ஏறிவிட்டார்கள். அலுவலகத்தைத் தாங்கி நின்றவள் அர்வா. இரு தரப்பிடமும் அனுமதி கேட்டுத் தொலைபேசியிலேயே அவள் பொழுது கழிந்தது.

ஒரு கோடையில் நகரத்து ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் பெட்டிகளை ஏற்றிப் போனார். மலை ஏறுமுன் இருந்த ஹவ்பான் தரப்புச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். துப்பாக்கியோடு நின்றவன் சைஃப். தாடி வைத்திருந்தான். முகத்தில் எந்தச் சலனமும் இல்லை.

"பாதியை இறக்கிட்டுப் போ," என்றான் சாவடியின் தளபதி. "எங்க ஆளுங்களுக்கும் சர்க்கரை வியாதி வருது. அவங்க மனுசங்க இல்லையா?"

முக்பில் கைபேசியை எடுத்தார். அர்வாவை அழைத்தார்.

"குடுக்காதீங்க அண்ணே. இன்னிக்குப் பாதின்னா நாளைக்கு முழுசும் போயிடும். மறுபக்கத்துக்காரன், எதிரிக்கு மருந்து குடுத்தீங்கன்னு நம்மளை ஊருக்குள்ளயே விடமாட்டான்."

"இந்த வெயில்ல எல்லாம் வெந்துபோயிடும்மா."

"தெரியும்," என்றாள். "இவங்க மேலிடத்துல பேசிப் பாக்கறேன். வண்டியை விட்டு மட்டும் இறங்கிடாதீங்க."

உச்சி வெயிலில் சைஃப் ஒரு சாக்கைத் தூக்கி வந்து லாரியின் பின்புறத்துக்குள் போட்டான். "ஏ கிழவா, வண்டியை நிழலுக்குத் தள்ளு!" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினான். பிறகு உதடு அசையாமல் சொன்னான்: "மீன்காரன்கிட்ட வாங்கின ஐஸ் அண்ணே. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

கேட்க எவ்வளவோ இருந்தது. "சாப்டியாடா?" என்றுதான் வந்தது.

"ரெண்டு பேரையும் சுட்டுருவாங்க. பேசாம இருங்க."

மறுநாள் காலை மேலிடத்து உத்தரவு வந்து வண்டியை விட்டார்கள். ஐஸ் பட்ட பெட்டிகள் தப்பி ஆஸ்பத்திரி சேர்ந்தன; மேலே இருந்தவை கெட்டுப்போயின. திரும்பி வந்து அலுவலகக் கொல்லையில் அவற்றைக் குழிதோண்டிப் புதைத்த இடத்தில் அர்வா உட்கார்ந்து அழுதாள். பாதை ஆபத்தானது என்று அமைப்பின் தலைமையகம் அடுத்த சரக்கை நிறுத்தி வைத்தது.

வருடங்கள் கழித்துப் பழைய சாலை திறந்தது. ஜனங்கள் நடுரோட்டில் கட்டிக்கொண்டு அழுதார்கள். முக்பில் தூசி தட்டிய பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார். வழியிலிருந்த சாவடியில் சைஃபைப் பற்றிக் கேட்டார். கடற்கரைப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். அதன்பின் சேதி இல்லையாம்.

இன்றும் கடற்கரையிலிருந்து வருகிறவர் யார் ஏறினாலும் முக்பில் விசாரிப்பார். பார்த்ததாக இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.