வெட்டாமல் விட்ட வயல்

என் தம்பி ஓவியன். கொழும்பில் பெரிய ஆட்களின் வரவேற்பறைகளில் அவன் வரைந்த வயல்கள் தொங்குகின்றன. அந்த வயல்களில் உழவு மெசின் கிடையாது. மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு திரிகிற என் கணவரும் கிடையாது. பச்சை, கொக்கு, தூரத்தில் வாவி, அவ்வளவுதான். கிராமத்தின் ஆன்மா என்று அதைப் பற்றி எழுதுகிறார்களாம். அந்த ஆன்மாவுக்குக் களை பிடுங்குகிறவள் நான்.

அவன் வரைவது என்னுடைய வயலைத்தான். எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்கே போகும். படுவான்கரை வயல்வட்டையில் எங்களுக்கிருந்த முழு வயலும் எனக்குச் சீதனமாக வந்தது. அவனுக்கு ஒரு வரம்புகூட இல்லை. கொழும்பில் கல்யாணம் முடித்ததால் பெண் பக்கத்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். சொல்லாததால், அவன் எதைக் கேட்டாலும் என் வாய் ‘ஓம்’ என்றே பழகிவிட்டது.

முந்தின போகத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்த முறை வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைநெல்லுக்கும் இந்த விளைச்சலை விட்டால் வேறு வழியில்லை. நெல்லும் குறை சொல்ல முடியாதபடி விளைந்திருந்தது. வெட்டு மெசின் வட்டைக்குள் வந்துவிட்டது, அடுத்த நாள் எங்கள் முறை. அன்றைக்கென்று பார்த்து அவன் நிறப்பெட்டியோடு வந்து வரம்பில் குந்தினான்.

“அக்கா, நாளைக்கு வெட்ட வேணாம். இந்த மஞ்சள் இன்னும் எனக்குப் பிடிபடல்ல. ரெண்டு நாள் விடுங்க, மறுகா வெட்டலாம்.”

கணவர் வானத்தைப் பார்த்தார். “உன்ட தம்பி படம் முடிக்கும் மட்டும் மழை பாத்துக்கொண்டு நிக்குமா?” என்று என்னிடம் கேட்டார். அவனிடம் கேட்கவில்லை. அவர் இந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர், அவன் இங்கேயே பிறந்த பிள்ளை. நான் ‘ஓம்’ என்றேன். எங்கள் முறை பக்கத்து வயலுக்குப் போனது.

மறுநாள் பின்னேரம் பிடித்த மழை ஒரு கிழமை விடவில்லை. படம் அதற்குள் முடிந்திருந்தது. நெல் தண்ணீரில் படுத்து, கதிரிலேயே முளை விட்டது. மெசின்காரர் வந்து எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ள இறக்கினா மெசின் புதைஞ்சிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விட்டதும் தம்பியும் நானும் வயலுக்குப் போனோம். முளைத்த கதிரொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அழுகை வந்தது. நான் மறைக்கவில்லை. அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். மன்னிப்பெல்லாம் வேண்டாம், வாய் திறந்து ஒரு ‘ஐயோ’ போதும்.

பின்னால் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

“அக்கா, கொஞ்சம் அப்பிடியே நில்லுங்க. கையை இறக்காதிங்க.”

கையை இறக்கினேன்.

“இது என்ட காணி,” என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் நான் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை அது. “இறங்கிப் போ.”

தூரிகைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெட்டிக்குள் அடுக்கிவிட்டுத்தான் போனான்.