அரக்கு வைத்த போத்தல்

நம் வீட்டுச் சாமித் தட்டில், பிள்ளையார் படத்துக்கு வலப்பக்கம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு கண்ணாடிப் போத்தல் இருப்பதை நீங்கள் நினைவு தெரிந்த நாளிலிருந்தே பார்த்து வருகிறீர்கள். மூடியைச் சுற்றி நூல் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, அதில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். உள்ளே தேயிலைத் தூள் மாதிரி கபில நிறத்தில் ஏதோ ஒரு தூள். போன வாரம் சின்னவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அப்பா, இந்தப் போத்தல் ஏன் இந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கேட்டாள். பார்த்தால், போத்தல் பிள்ளையாருக்கு இடப்பக்கம் இருந்தது. "இதுக்குள்ள என்னப்பா?" என்றாள். மிளகாய்த்தூள் என்றேன். "மிளகாய்த்தூள யாராவது சாமிகிட்ட வைப்பாங்களா?" என்றாள். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "அப்பாகிட்டயே நல்லாக் கேளு. எனக்கும் இன்னும் விளங்கல" என்றாள். அதைச் சாமித் தட்டில் முதலில் வைத்ததே அவள்தான்.

நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாயால் சொல்லப் போனால் முன்னுக்குப் பின் ஆகிவிடும். அதனால் பெரியவனுக்கும் சின்னவளுக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். எழுதிக்கொண்டு போனால் எனக்காவது தெளியும் என்று ஓர் ஆசை.

பசறையிலிருந்து லுணுகலைக்குப் போகும் ரோட்டில், தோட்டத்துக்கு இறங்குகிற வளைவில் நம் கடை. இப்போது நீங்கள் பார்க்கிற கடை வேறு. சோப்பிலிருந்து சீரகம் வரை எல்லாம் திகதி அடித்த சின்னப் பைகளாக, பக்கெட்டாகத் தொங்குகிறது. அப்போது எல்லாம் டின்னிலும் சாக்கிலும்தான்; வாசலில் ஒரு பெஞ்சு போட்டு வடையும் தேத்தண்ணீரும் விற்றேன். கொழுந்து பறித்துவிட்டு ஏறி வருகிற பெண்கள் ஒரு கறிக்கு வேண்டியதைப் பேப்பர் சுருளில் வாங்கிப் போவார்கள். நம் குடும்பத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வெளியே வந்து கடை போட்ட முதல் ஆள் நான். கடைக்குப் பின்னால் இருந்த ஒரு அறைதான் நமக்கு வீடு. பெரியவன் தொட்டிலில் கிடந்தான். கடை போனால் வீடும் போகும், திரும்பிப் போக லயத்தில் காம்பராவும் இல்லை. அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்தக் கதையில் வருகிறவர் பி.எச்.ஐ. மாத்தயா. சுகாதாரப் பரிசோதகர் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும். சிங்களவர். தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் படித்தவர். மோட்டார் சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச். கடைக்குள் நுழைந்ததும் நம் முகத்தைப் பார்க்காமல் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால்தான் முதலில் வெளிச்சம் அடிப்பார். "மூடி இல்லாத கடையில ஈதான் முதலாளி, மல்லி" என்பார். ஐயா என்பதற்கு அவர்கள் பாஷையில் மாத்தயா, தம்பி என்பதற்கு மல்லி, தங்கச்சி என்பதற்கு நங்கி.

அவர் பசறையைத் தாண்டினாலே பஸ் கொண்டக்டர்மார் வழி நெடுகக் கத்திக்கொண்டு வருவார்கள், "வாறாரு, வாறாரு!" என்று. ரோட்டோரக் கடை எல்லாம் வடைக்கு மூடி தேடும். ஒருநாள் அவர் அந்த பஸ்ஸிலேயே, கத்துகிற கொண்டக்டருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கினார். அன்று மூடாமல் கிடந்த என் வடைத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்ற வைத்தார். ஊற்றி முடித்ததும், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, "இப்ப ஒரு ப்ளேன்டி தாங்க, மல்லி" என்றார். டம்ளரைத் தானே கொதிதண்ணீரில் அலசிக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். நம் வடையைக் கொட்டச் சொன்னவர் நம் தேத்தண்ணீரை ரசித்துக் குடிக்கிறார். இவரை நல்லவர் என்று எடுப்பதா, கெட்டவர் என்று எடுப்பதா என்று அன்றைக்கே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது.

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பசறை மில்லில் மிளகாய் அரைத்து, நானும் கீழ் வளைவில் கடை வைத்திருந்த உங்கள் கீழ்க்கடைப் பெரியப்பாவும் ஒரே ஆட்டோவில் ஏற்றி வந்தோம். ஒரே மூட்டை மிளகாய். பாதி அவர் டின்னுக்கு, பாதி நம் டின்னுக்கு. புது டின் திறந்தால் உங்கள் அம்மா சும்மா விடமாட்டாள். மடுல்சீமையில் அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. கர்ப்பூரம் காட்டி, டின்னுக்குப் பொட்டு வைத்து, அதன் பிறகுதான் முதல் கரண்டி.

கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு மாத்தயா வந்தார். கீழ்க்கடையைப் பார்த்து, அங்கே மிளகாய்த்தூளும் எடுத்துவிட்டுத்தான் ஏறி வந்திருந்தார். சாக்கு, பிரிஜ், என் நகம் எல்லாம் பார்த்தார். பிறகு மிளகாய்த்தூள் டின்னைக் காட்டி, "நங்கி, காஞ்ச கரண்டி ஒன்னு தாங்க" என்றார். மேலாக அள்ளினார். மூன்று சின்னப் போத்தல்களில் பங்கு போட்டார். மேசை மேல் மெழுகுவர்த்தி கொளுத்தி, அரக்குக் குச்சியை அதில் காட்டி, சொட்டுச் சொட்டாக மூடிகளின் மேல் விட்டார். பெரியவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவள் மாதிரி நின்ற உங்கள் அம்மா, "மாத்தயாவும் பொட்டு வைக்கிறாருங்க" என்று என் காதில் சொன்னாள். அவருக்கும் கேட்டுவிட்டது.

"இது அரசாங்கத்துப் பொட்டு, நங்கி. அழிச்சா உள்ள போடுவாங்க" என்றார், சிரிக்காமல்.

பிறகு ஒரு போத்தலை என் கையில் வைத்தார். "ஒன்னு பரிசோதனைக்குப் போகும். ஒன்னு நம்மகிட்ட இருக்கும். இது உங்க பங்கு. கோர்ட்டுல கேட்டா உடைக்காம கொண்டு வரணும்." கோர்ட் என்ற சொல்லைக் கேட்டதும் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா போத்தலை வாங்கிக்கொண்டுபோய்ச் சாமித் தட்டில் வைத்தாள். நம் வீட்டில் பத்திரமான இடம் அது ஒன்றுதான். பெரியவனின் பிறப்புச் சான்றிதழும் அங்கேதான் இருந்தது.

மாலையில் விளக்கேற்றப் போனவள், குங்குமத்தில் தொட்ட விரலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, டின்னுக்குள்ள குங்குமம் போட்டேனே."

"எந்த டின்னுல?"

"எந்த டின்னா? எல்லா டின்னுலயும்தான். இன்னைக்கு மிளகாய்த்தூள்ல."

"பொட்டு வெளியதானே வைப்ப?"

"வெளிய வைக்கிறது டின்னுக்கு. உள்ள ஒரு சிட்டிகை போட்டாத்தானே சாமானுக்கு?"

அவள் சொல்வதில் ஒரு நியாயமும் இருந்தது. கடையில் தொங்கிய குங்குமப் பக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கீழே பொடி எழுத்தில், வெளிப் பாவனைக்கு மட்டும் என்று போட்டிருந்தது. இத்தனை நாளும் நானே விற்ற பக்கெட். அவர் அள்ளியதோ மேல் தூள். சாயம் கலந்த மிளகாய்த்தூள் என்று ரிப்போர்ட் வந்தால், சாமிக்குப் போட்டது என்று கோர்ட்டில் யார் நம்புவார்கள்? அம்மா அழவில்லை. "நான் நல்லதுக்குத்தானே போட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு அவர் ஆபீஸில் இருக்கிற நாள் பார்த்து பஸ் ஏறினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"கடை போட்டதுல இருந்துங்க. அதுக்கு முன்ன அவுங்க வீட்டுலயும்."

"ஏன் மல்லி இங்க வந்து சொல்றீங்க? நான் கேக்கல்ல தானே?"

"தெரியலைங்க, மாத்தயா."

அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரியில் அரக்கு வைத்த போத்தல்கள் வரிசையாக நின்றன. அதில் நம்முடையது எது, பரிசோதனைக்குப் போனது எது, போகாதது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சாமிக்கு நெத்தியில வைங்க. டின்னுக்கு வெளிய வைங்க. வயித்துல வைக்க ஏலாது. அந்த டின்ன விக்க வேணாம்" என்றார். ரிப்போர்ட் என்று இழுத்தேன். "வர்றது வரும்." நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, "நங்கிய ஏசாதீங்க" என்றார்.

டின்னை என்ன செய்வது என்பது அடுத்த பாடு. சாமிக்குக் காட்டியதைக் குப்பையில் போடக்கூடாது என்றாள் அம்மா. ஆற்றில் விட்டால் கீழே குளிக்கிறவர்கள் என்ன ஆவார்கள் என்றேன் நான். கடைசியில் கடைக்குப் பின்னால், யாருடைய காலும் படாத முள்முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். மரம் பட்டுப்போகவும் இல்லை, கூடுதலாகப் பூக்கவும் இல்லை. அதைப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு ஒரு நாள் ரிப்போர்ட் வந்தது, நமக்கல்ல, கீழ்க்கடைக்கு. மிளகாய்த்தூளில் சாயம் இருக்கிறது என்று வழக்கு. அவர் தண்டம் கட்டினார். தண்டத்தை விடப் பெரிய அடி பெயர் கெட்டது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலும் கோயிலிலும் அவரைக் கலப்படக்காரர் என்றார்கள். அவர் வாடிக்கை எல்லாம் மேல் வளைவுக்கு, நம் கடைக்கு ஏறியது. ஒருநாள் அவரே ஏறி வந்தார்.

"ஏண்டா தம்பி, ஒரே மில்லு, ஒரே மூட்டை, ஒரே ஆட்டோ. எனக்கு மட்டும் சாயம் எங்க இருந்துடா வந்துச்சு?"

குங்குமக் கதையை அவரிடம் ஒளிக்கவில்லை. முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அப்ப போட்டவன் தப்பிச்சான், போடாதவன் மாட்டினான். ஏம்மா தங்கச்சி, எனக்கும் ஒரு சிட்டிகை குடுத்திருக்கலாமே" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் நம் கடையில் அவர் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.

மாத்தயாவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முன் ஒரு தடவை வந்தார். டோர்ச் அடித்தார், டின்களைப் பார்த்தார், ப்ளேன்டி குடித்து டம்ளரைக் கவிழ்த்தார். நான் கேட்கத் தயங்கியதை உங்கள் அம்மா கேட்டாள்.

"மாத்தயா, எங்க ரிப்போர்ட் என்னாச்சுங்க?"

"நங்கி, இப்ப பொட்டு எங்க வைக்கிறீங்க?"

"வெளியதாங்க."

"உள்ள?"

"இல்லைங்க. சாமி சத்தியமா இல்ல."

"அப்ப அதுதான் ரிப்போர்ட்."

எழுந்தவர் அறைக் கதவு வழியாகச் சாமித் தட்டைப் பார்த்தார். நம் பங்குப் போத்தல் இருந்தது. அவருடைய அரக்கின் மேல் அம்மா வைத்த அன்றைய குங்குமம். "இதையும் விடல்லியா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்துகொண்டே போனது.

பிள்ளைகளே, அதிலிருந்து இதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் நம் போத்தலை அனுப்பவே இல்லையா? அனுப்பி, வந்ததை மூடிவிட்டாரா? மூடியிருந்தால் நமக்கு அவர் செய்தது நன்மைதான். கீழ்க்கடைக்கு அது என்ன? மில்லிலேயே சாயம் இருந்திருந்தால் நம் தூளிலும் இருந்திருக்கும். இல்லை, கீழ்க்கடைப் பெரியப்பாவே கலந்திருந்தால் அவர் வந்து கேட்ட கேள்விக்கு அத்தனை துணிச்சல் எப்படி வந்தது? அம்மா போட்ட சிட்டிகைகளைத் தின்ற எத்தனையோ வீடுகளுக்கு அது ஆசீர்வாதமா, நஞ்சா? இப்போது வருகிற பி.எச்.ஐ. இளம் வயதுக்காரர். திகதியைப் பார்க்கிறார், போனில் படம் எடுக்கிறார், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார். நல்லவர். ஆனால் அவரிடம் கேட்பதற்கு இந்தக் கேள்விகளில் ஒன்றும் பொருந்தவில்லை.

போன வாரம் கீழ்க்கடைப் பெரியப்பா மகளுடைய கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார் அல்லவா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அது. வெற்றிலை பாக்குத் தட்டை வாங்கி வைத்த அம்மா, உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணே, இத்தன வருசமா உங்க மனசுல கெடக்குறது இதுதானே. நீங்களே உடைச்சு, எங்க வேணும்னாலும் அனுப்பிப் பாருங்க. எது வந்தாலும் வரட்டும்."

அவர் கட்டை விரலால் அரக்கைத் தடவினார். "சாயம் இருக்குன்னு வந்தா அது மில்லுதா, உன் குங்குமமான்னு யாரு சொல்றது தங்கச்சி? இல்லேன்னு வந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தோள் துண்டால் போத்தலைத் துடைத்தார். அவரே எழுந்து போய்த் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "தேத்தண்ணி போடலியா? கல்யாண வீட்டுக்காரன வெறும் வாயோட அனுப்புவீங்களா?" என்றார்.

அது நம்மை மன்னித்ததா, அல்லது உடைக்கப் பயந்ததா? அவர் முகத்தைப் பார்த்தேன்; அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேத்தண்ணீரை மட்டும் சொட்டு விடாமல் குடித்தார்.

ஆகவே சின்னவளே, போத்தலைப் பிள்ளையாருக்கு இடப்பக்கம் வைத்தது அவர்தான். ஏன் அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. வைக்கிற அவசரமாக இருக்கலாம். அம்மாவும் அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. இன்று காலை விளக்கேற்றும்போது கவனித்தேன். பழக்கத்தில் அவள் விரல் வலப்பக்கம் போய் வெறும் பலகையில் ஒரு பொட்டு வைத்தது. பிறகு இடப்பக்கம் வந்து அரக்கின் மேல் ஒன்று வைத்தது. பலகையில் வைத்ததை அவள் அழிக்கவில்லை.