தவமணி அக்காவும் என் பொறாமையும்

அக்கா போய்விட்ட செய்தி அக்காவின் குரலிலேயே வந்தது.

அம்மாவும் அத்தானும் பட்டினத்து ஆசுபத்திரியில் அவளுடைய கட்டிலடியில் இருந்தார்கள். நெருப்புக் காய்ச்சல் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவளுடைய பிள்ளையோடு வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் தொலைபேசி உள்ள ஒரே இடம் சங்கக்கடை. மனேச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். றிசீவரைக் காதில் வைத்ததும், "வணக்கம், கொஞ்சம் பொறுங்க, இணைக்கிறன்" என்றது ஒரு குரல். அதே நிதானம். "பொறுங்க" என்பதில் அதே சின்ன இழுவை. காய்ச்சல் விட்டு எழும்பி நேரே வேலைக்கே போய்விட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் பேசியவள், தொலைபேசி நிலையத்தில் அக்கா பழக்கிவிட்ட ஒரு பெண்பிள்ளை. மறுபக்கம் அத்தான் வந்தார். சொல்லத் தொடங்கி அழுதுவிட்டார். மிச்சத்தை அந்தப் பிள்ளைதான் அக்காவின் குரலில் சொன்னாள்.

எங்கள் அக்காவின் குரலை யாரோ ஒருத்தி எங்களிடம் கேட்காமலே எடுத்து வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குத் தங்கை என்ற முறையில் எழுதும்படி, அதைத் தொகுக்கும் மாஸ்டர் கேட்டபோது இரண்டு கட்டளைகளும் போட்டார். "அவர்" என்று எழுத வேண்டும். பகிடி விடக் கூடாது. முதலாவது என்னால் ஏலாது. பன்னிரண்டு வயது மூத்தவள் என்றாலும் எனக்கு அவள் "அவள்"தான். இரண்டாவதற்கு முயற்சி செய்கிறேன்.

அவள் தவமணி, நான் நவமணி. பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பலனில் அப்படியில்லை. சம்பளம் அவளுக்கு, சமையல் எனக்கு. பாராட்டு அவளுக்கு, பாத்திரம் எனக்கு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு மூத்த மகளுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு. கலியாணம் முடிந்த கையோடு அத்தான் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் கல்வீட்டுக்குள் வந்தார். அப்பா இல்லை; அம்மாவும் நானும் பின்வளவில் ஓலைக் குடிலுக்குப் போனோம். அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. பொறாமை என்ற சொல்லுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பொருள் நன்றாகத் தெரிந்தது.

பரீட்சை எழுதித் தொலைபேசி நிலையத்தில் வேலை எடுத்த முதல் பெண் எங்கள் ஊரில் அவள்தான். காலையில் துறைக்கு நடந்து, மிதவைப் பாதையில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்துப் போவாள். பாதையில் மாடும் சைக்கிளும் நெல் மூட்டையும் இருக்கும். நடுவில் இஸ்திரி போட்ட சேலையோடு அவள் நிற்பாள். பகல் முழுவதும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மில் முதலாளிக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் இணைப்புக் கொடுப்பாள். மட்டக்களப்பில் யார் தொலைபேசியைத் தூக்கினாலும் தேன் ஊறும். ஆனால் அந்தத் தேன் கூடு வீட்டுக்கு வரும்போது வெறும் கூடு. தொண்டை கட்டிப்போய், உப்புத் தண்ணீரால் கொப்பளித்துக்கொண்டு, எங்களோடு கையால் பேசுவாள். பால் என்றால் ஒரு விரல், கதவைச் சாத்து என்றால் உள்ளங்கை, நவமணி வாயை மூடு என்றால் கண். முகம் தெரியாத முதலாளிமாருக்கு முழுக்குரல். கூடப்பிறந்தவளுக்குக் கண் மட்டும்.

எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ஒரு நாள் பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டுச் சங்கக்கடைக்குப் போனேன். மனேச்சர் அந்தப் பக்கம் போன நேரம் றிசீவரைத் தூக்கி, குரலைத் தடிப்பாக்கி, நான் ஒரு மில் முதலாளி, கடலுக்கு இணைப்பு வேண்டும், மீன்களோடு கதைக்க வேண்டும் என்றேன்.  மறுபக்கத்திலிருந்து அதே தேன் குரல் சொன்னது: "மன்னிக்க வேணும் ஐயா, கடல் லைன் வேலையில கிடக்கு. ஐயா இந்நேரம் கணக்குப் பாடத்தில இருக்க வேணுமே. வகுப்புக்கு இணைக்கவா, இல்லாட்டி அம்மாவுக்கு இணைக்கவா?" அடி விழும் என்று தெரிந்தும் எனக்கு அன்றைக்கு நல்ல சந்தோசம். அந்தக் குரல் முழுதாக எனக்கு மட்டும் கிடைத்த ஒரே நாள் அது.

வீட்டில் நானும் ஒரு தொலைபேசி நிலையம் நடத்தினேன். மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீடுகளில் மரியாதை இல்லை. அத்தான் சாப்பிட இருந்தால் அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் சோறு வேண்டுமா என்று அவரிடம் கேள் என்பார். நான் கேட்பேன். அத்தான், போதும் என்று மாமியிடம் சொல் என்பார். நான் சொல்வேன். இருவருக்கும் நடுவில் ஒரு கதவுதான். இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இதே வேலைக்கு அரசாங்கம் அக்காவுக்குச் சம்பளம் கொடுத்தது. எனக்குக் குட்டுக் கிடைத்தது.

சம்பளம் இல்லாத வேலையில் ஊழியர் குறும்பு செய்வது இயற்கை. அத்தானுக்கு என்ன கறி பிடிக்கும் என்று ஒரு நாள் அம்மா கேட்கச் சொன்னார். அத்தான் வட்டையில் நின்றார். வயலுக்குப் போய்க் கேட்கப் பஞ்சிப்பட்டு, பாவற்காய் என்றால் உயிராம் என்று வந்து சொன்னேன். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் அத்தான் பாவற்காய் சாப்பிட்டார். மாமி ஆசையாகச் சமைக்கிறாரே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. மருமகன் விரும்பிச் சாப்பிடுகிறாரே என்று அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் அக்காதான் பிடித்தாள். கோபிக்கவில்லை. "லைனுக்கு நடுவில நிக்கிறவள் தன்ட சொல்லைச் சேர்க்கப்படாது, நவம். சேர்த்தா அது வேலை இல்ல, விளையாட்டு" என்றாள். அவளுடைய வேலையைப் பற்றி அவள் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது. என்னையும் ஒரு வேலைக்காரியாக மதித்துச் சொன்னாள் என்பது பிறகுதான் விளங்கியது.

பிள்ளை பிறந்தது. லீவு முடிந்ததும் அக்கா திரும்பவும் பாதை ஏறினாள். இந்த மலரில் மற்றவர்கள், அவள் வேலையையும் வீட்டையும் இரண்டு கைகளிலும் சமமாக ஏந்தினாள் என்று எழுதியிருப்பார்கள். உண்மைதான். அந்த இரண்டில் ஒரு கை என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை என் இடுப்பில். சிநேகிதிகள் வாவிக்கரையில் ஓடிப் பிடிக்கும்போது நான் வளவுக்குள் தாலாட்டுப் பாடுவேன். சொற்களை மாற்றி, பிள்ளையின் தாயைத் திட்டிப் பாடுவேன். பிள்ளை சிரித்துக்கொண்டு தூங்கும்.

அப்போதுதான் மேற்பார்வையாளர் பதவிக்கு அக்காவைத் தெரிவுசெய்தார்கள். ஆறு மாதம் கொழும்பில் பயிற்சி. அவள் அதை எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் கொப்பளிக்கக்கூட மறந்து திரிந்தாள். அம்மா சுருக்கமாகத் தீர்ப்புச் சொன்னார்: நவமணி பள்ளியை நிறுத்தட்டும். அது எனக்குச் சாதாரணதரப் பரீட்சை வருஷம். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாமல் அல்ல. அம்மா இருந்தார். வயல் வேலை குறைந்த மாதங்களில் அத்தானும் இருந்தார். ஆனால் பேசாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது? நடுவில் நிற்க ஒருத்தி வேண்டும். அதற்காக என் படிப்பு.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், நவத்துக்குச் சட்டைத் துணி எடுக்க வேண்டும் என்று என்னைப் பட்டினத்துக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். கேட்காதவள்போல் நடந்தாள். துணியும் எடுத்தாள், ஐஸ்கிறீமும் வாங்கித் தந்தாள். எல்லாவற்றையும் ஆறுதலாகச் செய்தாள். வெயில் சாயும்போது திரும்பி வந்தோம். எங்கள் கிடுகு வேலியடியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். உள்ளே அம்மா, கதவுக்குப் பின்னால் இல்லை. நடு முற்றத்தில் பிள்ளையோடு நின்றார்.

"தம்பி, அந்தத் துணிய எடுங்க. அது இல்ல, மத்தது."

"இதா மாமி?"

"ஓம். ஈரத்தப் புழிஞ்சிட்டுத் தாங்க."

ஐந்தாறு வருஷம் ஒரே வளவில் வாழ்ந்த இரண்டு பேர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. நான் உள்ளே ஓடப் பார்த்தேன். அக்கா விடவில்லை. "இப்பப் போகாத. லைன்ல ஆக்கள் பறையிறாங்க" என்றாள்.

ஊரில் குறும்புக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். என் பாவற்காயெல்லாம் அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் எம்மாத்திரம்? அதிலும் அவள் என்னை முந்திவிட்டாள். இன்னொன்றும் சுட்டது. அம்மா தன் வழக்கத்தை அக்காவின் பதவிக்காக உடைத்தார். என் பள்ளிக்காக அல்ல. பள்ளி மிஞ்சியது. சட்டைத் துணியைப்போல, கூடவே கிடைத்த ஒன்றாக மிஞ்சியது. அப்படித்தான் நெடுநாள் நினைத்தேன். தங்கச்சியின் படிப்பை மறித்தால் நான் கொழும்புக்குப் போகமாட்டேன் என்று அக்கா அம்மாவிடம் அதற்கு முதல் நாளே சொல்லியிருந்தாள் என்பதை, அவள் இறந்த கிழமையில் அம்மாதான் சொன்னார். இதையும் உயிரோடு இருந்தபோது எனக்குத் தெரியவிடாமல் செய்துவிட்டாள். நன்றி சொல்லும் சந்தர்ப்பத்தைக்கூட ஒருத்தி தானே எடுத்துக்கொண்டு போனால் பொறாமைப்படாமல் என்ன செய்வது?

பயிற்சி முடிந்து வந்த பிறகு ஒரு தடவை நிலையத்துக்கு என்னைக் கூட்டிப் போய்க் காட்டினாள். பெரிய பலகை, முழுக்கத் துளைகள், பாம்புக் குட்டிகள்போல் வயர்கள். வரிசையாகப் பெண்பிள்ளைகள். அக்கா பின்னால் நடந்தாள். அவள் பக்கத்தில் வந்தாலே ஒவ்வொரு முதுகும் நிமிர்ந்தது. ஒருத்தி தடுமாற, அக்கா அவள் தோளுக்கு மேலால் கையை நீட்டி ஒரு வயரைப் பிடுங்கி இன்னொன்றில் குத்தினாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கோ இரண்டு பேர் பேசத் தொடங்கினார்கள். கல்வீட்டைப் பார்த்து வந்த பொறாமையும் சேலையைப் பார்த்து வந்த பொறாமையும் அந்த நிமிடத்தில் சிறுபிள்ளை விளையாட்டாய்ப் போயின. எனக்கு அந்த இடம் வேண்டும் என்று வயிறு எரிந்தது.

திரும்பும்போது பாதையில், வீட்டில் வேலையையும் வேலையில் வீட்டையும் யோசித்து உனக்கு இரண்டும் அரைகுறையாகத் தெரியாதா என்று கேட்டேன். குத்தத்தான் கேட்டேன். "ரெண்டு இடத்திலயும் நான் பாதி எண்டு நினைக்காத, நவம். ரெண்டு இடத்திலயும் முழுசாத்தான் களைக்கிறன்" என்றாள். பிறகு வாவியைப் பார்த்துக்கொண்டு, "ஆனா அந்தக் களைப்பு என்ட" என்றாள்.

அந்தப் பதவியில் அவள் இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை.

இனி, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எட்டாம் நாள் படையல் முடிந்து பெண்கள் வெற்றிலை போட இருந்தபோது, பெரியம்மா அம்மாவிடம் மெதுவாகத் தொடங்கினார். "வீடு கிடக்கு, புள்ள கிடக்கு, தங்கமான மனிசன். அவர் தாயிட வீட்ட போனா மறுகா இந்தப் புள்ளைக்கு ஆரு கா? இவளையே குடுத்திரு." மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்காவின் இடத்தைத் தங்கை நிரப்புவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. அத்தான் இதைக் கேள்விப்பட்டு, நவம் எனக்குத் தங்கச்சி, பிள்ளையை நீங்களும் நானும் பார்ப்போம், அவள் படிக்கட்டும் என்று அம்மாவிடம் நேரே சொல்லிவிட்டார். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பந்தியில் இன்றைக்கும் யாராவது கேட்பீர்கள்.

அதனால் என் பதிலை இங்கே அச்சில் போடுகிறேன். மாஸ்டர் வெட்டாமல் விட்டால் வாசிப்பீர்கள். அக்காவின் வீட்டைத் தருகிறேன் என்கிறீர்கள், புருசனைத் தருகிறேன் என்கிறீர்கள், குசினியைத் தருகிறேன் என்கிறீர்கள். அவளிடம் இருந்த எல்லாவற்றையும் கொண்டு வந்து என் முன்னால் வைக்கிறீர்கள், நான் பொறாமைப்பட்ட ஒன்றைத் தவிர. அந்தப் பலகைக்குப் பின்னால் நடந்த நடையை எனக்குத் தர உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது தரக்கூடிய பொருளும் அல்ல. பரீட்சை எழுதித்தான் எடுக்க வேண்டும். எழுதுவேன். பிள்ளைக்கு நான் சித்தி. சித்தியாக எந்தக் குறையும் வைக்க மாட்டேன்.

அவளுடைய சேலைகளை அம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நகைகள் பிள்ளைக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது என் பொறாமை ஒன்றுதான். காலம் ஆற்றும், மனம் தேறும் என்று ஆறுதல் சொல்லி அதை என்னிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். எனக்கு அது இன்னும் தேவைப்படுகிறது.