நின்றுபோன அருவி

அன்று அங்கே இருந்தது நான்கு பேர்: நான், என் மனைவியின் அண்ணன், பம்ப் ஓட்டுகிற பெரியவர், மேலே கரையில் குடையோடு சூப்பர்வைசர். என் கையில் ஒரு சிவப்பு சோப்பு இருந்தது.

கம்மாபுரத்துப் பக்கம் நிலக்கரிக்காகத் தோண்டிய பெரும் பள்ளம் அது. ராட்சசப் படிக்கட்டு போலத் தட்டுத் தட்டாக இறங்கும். 2007 என்று நினைக்கிறேன், ஐப்பசி மழையில் கீழ்த்தட்டின் மண்சுவரைப் பொத்துக்கொண்டு ஓர் அருவி விழ ஆரம்பித்தது. அருவி பார்க்கக் குற்றாலம் வரை போகவேண்டிய ஜில்லாக்காரர்கள் நாங்கள். பூமிக்குள்ளேயே ஒன்று கிடைத்தால் விடுவோமா? ஷிப்ட் முடிந்ததும் கரிச்சேறு போக அதில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பயத்தை மட்டும் விடவில்லை. அருவி பெருத்தால் சுவர் சரியுமோ என்று தினமும் கேட்பேன். "கொட்டுற வரைக்கும் பயமில்ல மாப்ள, நல்லா தேச்சிக் குளி" என்பார் மச்சான்.

அன்று ஷிப்ட் முடியும் முன்பே குளிக்கப் போய், நான் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அருவி மெலிந்து, நூலாகி, நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மச்சான் முகம்தான் மாறிவிட்டது.

"சோப்ப வுட்டுட்டு மேல ஏறு."

"தண்ணி நின்னா நல்லதுதானே மச்சான்?"

"மேல மழ கொட்டுது. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது, சொல்லு?"

சோப்பைப் பம்ப் மேல் வைத்துவிட்டு நுரையோடு ஏறினேன். பெரியவர் மூச்சு வாங்கியபடி, "மாப்ளைக்குப் பயம் வுட்டுடுச்சி, மச்சானுக்குப் புடிச்சிக்கிச்சி" என்று சிரித்தார். கரையில் சூப்பர்வைசர் கத்தினார்: "ஓடுற பம்ப வுட்டுட்டு எவன்யா வரச் சொன்னது? எறங்குங்க. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

காண்ட்ராக்ட் வேலை. வீட்டில் ஐந்து மாதக் குழந்தை. நான் ஒரு காலை இறக்கியேவிட்டேன். மச்சான் பாதையை மறித்துச் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "வேல போவட்டும் சார். தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்."

அரை மணிகூட ஆகியிருக்காது. சுவர் வயிறு புடைத்த மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வந்து சரிந்தது. பம்ப், பைப், என் சோப்பு, நாங்கள் நின்ற இடம், எல்லாம் மண்ணுக்கு அடியில். அதற்கும் மேலே தண்ணீர் பாய்ந்தது. சூப்பர்வைசர் கிட்டே வந்தார். குடையை மச்சான் தலைக்கு மேல் கொண்டுவந்து பிடித்தார்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். ஒருமுறை கிணறு வெட்டப் போன இடத்தில் ஊற்று இப்படித்தான் நின்றதாம். கொஞ்ச நேரத்தில் கிணற்றுச் சுவர் உள்ளே சரிந்ததாம்.

இன்றும் குளிக்கும்போது பைப்பில் தண்ணீர் சட்டென்று நின்றால் நுரையோடு வெளியே ஓடிவந்துவிடுகிறேன். டாங்க் காலியாகியிருக்கும், அவ்வளவுதான். மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். போன மாதம் மச்சான் வந்திருந்தபோதும் அப்படித்தான் ஓடிவந்தேன். அவர் சிரிக்கவில்லை. கொடியிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"சரியாத்தான் செய்யிற மாப்ள."