ஜொஹராவின் துப்பாக்கியும் மிஷின் எண்ணெயும்

காரைக்காலில் தையல் மிஷின் மக்கர் செய்தால் ஜொஹராவிடம்தான் கொண்டுபோவார்கள். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்பாள். எந்தச் சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். தப்பவே தப்பாது. அதனால்தான் வாப்பா மௌத்தான பிறகு அவருடைய சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியும் லைசென்ஸும் தன் பேருக்கு மாறியபோது அவள் அசரவில்லை. "இதுவும் ஒரு மிஷின்தானே" என்றாள்.

அந்தத் துப்பாக்கிக்கு வருடத்தில் ஒரே வேலை. கருக்களாச்சேரிப் பக்கத்துச் சின்ன தர்காவில் கந்தூரி விழாக் கொடி உச்சிக்கு ஏறியதும் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. குண்டு கிடையாது; வெடிமருந்தும் அதை அடைக்கிற துணியும் மட்டும்தான். அது அவள் குடும்பத்தின் உரிமை. அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிடும் கமிட்டித் தலைவர் நூருல் அமீனுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

"வேணாம் தங்கச்சி. ஸ்பீக்கர்ல வெடிச் சத்தம் போட்டுக்கலாம். ஊரே நிக்கயில புஸ்ஸுன்னு போனா மானம் போயிடும்."

"புஸ்ஸுன்னு போனா இனிமே வருசா வருசம் ஸ்பீக்கரே போட்டுக்குங்க, நானா. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கமும் இல்லை.

காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, வெடித்துப் பழக அறுவடை முடிந்த சுரக்குடி வயலுக்குப் போனாள். வயல்காரன் சோமசேகரன் அவளுடைய பழைய வாடிக்கை. குழலில் மருந்தை அளந்து போட்டு, துணியைக் கோலால் இடித்து இறக்கினாள். குழலோடு ஒட்டியிருக்கும் சின்னக் கிண்ணியில், பொறி விழுந்து பற்றுவதற்கு ஒரு சிட்டிகை மருந்து வைத்தாள். விசையை அழுத்தினாள். கல் போய் எஃகுத் தகட்டில் மோதியது. டிக். பொறியே இல்லை. கல் ஆடுகிறதோ என்று பழைய செருப்புத் தோலைச் சுற்றி இறுக்கினாள். மறுபடியும் டிக். நாலு தடவை அதே கதை.

"அக்கா, கொக்கே பயப்படலையே. கிட்ட வந்துல்ல பாக்குது!" என்று சிரித்தான் சோமசேகரன்.

போட்ட மருந்தைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டு வீடு வந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கும் துப்பாக்கிக்குத் தாராளமாக மிஷின் எண்ணெய் விட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் கடையில் ஒரு மிஷினுக்கு எண்ணெய் போட்டு, வழக்கம்போல வெள்ளைக் கழிவுத் துணியை ஊசிக்கடியில் ஓட்டினாள். துணியில் கறை விழாமல் வரும்வரை நல்ல துணியைத் தொடக் கூடாது என்பது அவள் கடைச் சட்டம். முதல் துணியில் எண்ணெய்ப் பொட்டு. ஜொஹராவின் கை நின்றது.

"அட மடச்சி!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கல், தகடு, கிண்ணி, குழல் எல்லாவற்றையும் எண்ணெயில் குளிப்பாட்டி வைத்தால் பொறி எப்படி வரும்? மருந்து எப்படிப் பிடிக்கும்?

கறை வராமல் போகும்வரை துப்பாக்கியை வெள்ளைத் துணியால் துடைத்துக்கொண்டு மறுபடி சுரக்குடிக்குப் போனாள். முதல் வெடியில் கொக்கெல்லாம் பறந்தது. அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். ஏழாவது வெடியில் மூடவில்லை.

கந்தூரி அன்று கயிறு சிக்கி, கொடி பாதிக் கொடிமரத்தில் நின்றது. கடற்காற்று ஈரமாக வீசியது. கிண்ணியில் வைத்த மருந்து நமத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அத்தனை பேர் பார்க்க அதைத் தட்டிக் கொட்டினாள். கூட்டத்தில் முணுமுணுப்பு. நூருல் அமீன் செல்போனைக் கையில் எடுத்து, ஸ்பீக்கர் பக்கம் பார்த்தார். ஜொஹரா அவசரப்படவில்லை. கல்லையும் தகட்டையும் துடைத்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கயிற்றுச் சிக்கல் விடுபட்டு, கொடி உச்சியைத் தொடும்போது புது மருந்து ஒரு சிட்டிகை வைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று விசையை அழுத்தினாள்.

வெடிச் சத்தம் கிளிஞ்சல்மேடு வரைக்கும் கேட்டது. நூருல் அமீன் ஒரு துள்ளு துள்ளினார். செல்போன் மணலில் விழுந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"நானா, சோறாக்குற எடத்துலேருந்து சுடுதண்ணி வேணும். மருந்துக் கரிய இப்பவே கழுவலன்னா நாளைக்குத் துரு ஏறிடும்."

யாரையும் அனுப்பாமல் தலைவரே போய் ஒரு வாளி சுடுதண்ணீர் தூக்கி வந்தார். அவள் குழலைக் கழுவிக் காயவைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அடுத்த கந்தூரிக்கு நல்லா இருக்கணுமே தங்கச்சி, எண்ணெ கிண்ணெ போட வேணாமா?"

ஜொஹரா பையிலிருந்து மிஷின் எண்ணெயை எடுத்தாள்.

"இப்பத்தான் நானா போடணும். சுடுறதுக்கு முன்னாடி தொடச்சிடணும்."