இழுப்பறைக்குள் விரித்த ரப்பர்

வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் லோரிப் பட்டறை வைத்திருந்த இஞ்ஞாசிமுத்து பிடிவாதக்காரர். திகாம் பத்து வட்டாரத்து லோரி ஓட்டிகள் இதற்காக அவரைக் கேலி செய்வார்கள். ஸ்பேனர் இரவல் கேட்டால் கொடுப்பார். திருப்பித் தருகிறவர்கள் அதை எஞ்சின் மேல் போட்டுவிட்டுப் போனால் அவர் முகம் மாறிவிடும். "கையில குடு. மேல வைக்காதே" என்பார். அதில் கோபம் இருக்காது. பயந்துபோனவர் சொல்வது போலிருக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் குரூண் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் தொழிற்சாலை மெக்கானிக்குக்குத் துணையாளாக இருந்தார். பால் உறைந்து வரும் ரப்பரை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும் இயந்திரம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ அதன் மேல்சட்டத்தில் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டார்கள். இயந்திரம் அதிர அதிர ஸ்பேனர் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்து வந்தது. உருளைக்கு ரப்பர் கொடுத்துக்கொண்டிருந்த பிச்சை என்பவர் அது விழுவதைப் பார்த்து, தன்னை அறியாமல் பிடிக்கப் போனார். ஸ்பேனர் தரையில் விழுந்தது. கை உருளைக்குள் போனது.

உருளைகளைச் சுழற்றும் பட்டையை அறுத்து இயந்திரத்தை நிறுத்தியது இஞ்ஞாசிமுத்துதான். விசாரணையில் அந்த ஸ்பேனரை யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. சில மாதங்களில் பிச்சை குடும்பத்தோடு தெற்கே எங்கோ போய்விட்டார்.

எஸ்டேட் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது இஞ்ஞாசிமுத்து அங்கிருந்து வெளியேறி, திகாம் பத்துவுக்கு வெளியே ஆற்றோரமாக ஒரு லோரிப் பட்டறை போட்டார். நீளமான பலகைக் கட்டடம். ஒரு பாதியில் பட்டறை, மறு பாதியில் முகம்மது கவுஸின் சாப்பாட்டுக் கடை. வாசல் சாலையைப் பார்த்திருந்தது. பின்பக்கம் ஆற்றங்கரை. கரைக்குக் கீழே ஆறு மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பின்கதவைத் திறந்தால் நல்ல காற்று வரும் என்பதற்காகவே இருவரும் அந்த இடத்தை எடுத்தார்கள்.

எண்பதுகள் பிறந்து கொஞ்சநாள் கழித்து ஆற்றில் மணல் எடுக்கும் படகு வந்தது. அடிமணலை உறிஞ்சி எடுக்கிற பெரிய எஞ்சின் அதிலே இருந்தது. காலையில் தொடங்கினால் மாலைவரை ஒரே சத்தம். சத்தத்தைவிட அதிர்வுதான் மோசம். கவுஸின் கடையில் தேத்தண்ணிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதி ஓயாமல் கிணுகிணுத்தன. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் இஞ்ஞாசிமுத்துவுக்குப் பழைய எஸ்டேட் தொழிற்சாலையின் சாமான் பெட்டி கிடைத்தது. ஆள் நெஞ்சுயர இரும்புப் பெட்டி, பல இழுப்பறைகள், ஒவ்வொன்றும் சிறு உருண்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு வரும். விரலால் தொட்டாலே திறக்கும். சாலைப் பக்கத்துச் சுவரோரம், முகப்பு ஆற்றைப் பார்க்கும்படி அதை நிறுத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்து, நான்கு காலும் சமமாக இருக்கிறதென்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சாமான்களை அடுக்கினார்.

ஆனால் சாமான்கள் அடுக்கிய இடத்தில் இருக்கவில்லை. காலையில் இழுப்பறையைத் திறந்தால் ஸ்பேனர்களும் சாக்கெட்டுகளும் முன்விளிம்பில் வந்து குவிந்து கிடக்கும். இழுக்கிற வேகத்தில் முன்னுக்கு வருகின்றன, அடித்தகடு அவ்வளவு வழவழப்பு என்று நினைத்தார். அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் மற்ற வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் அடுக்குவார். ஏன் என்று மனைவி பேட்ரிசியாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

முதலில் பழைய செய்தித்தாள் விரித்தார். அது சாமான்களையும் சேர்த்துக்கொண்டு வழுக்கியது. எண்ணெய் பட்டுக் கூழானது. பிறகு வீட்டுத் தரைக்கு விரிக்கும் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் மிச்சத்தை வெட்டிப் போட்டார். ஓரங்கள் சுருண்டு எழுந்து இழுப்பறை மூடவே மறுத்தது. சாக்கைப் போட்டுப் பார்த்தார். சாமான் நகரவில்லைதான். ஆனால் ஈரத்தைக் குடித்து ஸ்பேனர்களுக்குத் துருவேற்றியது. தையல் தொழில் செய்த பேட்ரிசியா தடித்த பச்சைத் துணி ஒன்று கொடுத்தார்.

"சாமானுக்கு மெத்தை கேக்குது உங்களுக்கு. எனக்கு ஒரு தலகாணி வாங்கித் தந்ததில்ல" என்று சிரித்தார்.

துணியும் எண்ணெயில் ஊறி நாறியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இஞ்ஞாசிமுத்து பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் அய்யாவுவைப் பார்க்கப் போனார். வரிவரியாகக் கோடு போட்ட, தேன் நிறத் தகடு ஒன்றை அய்யாவு எடுத்து நீட்டினார்.

"இத விட்டா சறுக்காத சாமான் ஒலகத்துல ஏது? ஆனா எண்ண படக்கூடாதுண்ணே. பட்டா ரொட்டி மாதிரி ஊதிப்போயிரும்."

"தொடச்சித்தான் வைப்பேன்."

"எவ்வளவு தொடச்சாலும் ஸ்பேனர்ல எண்ண இருக்கும்லா."

அய்யாவு சொன்னபடியே ஆனது. தகடு உப்பிப் பிசுபிசுத்துச் சாமான்களோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் இஞ்ஞாசிமுத்து பஸ் ஏறிச் சுங்கை பட்டாணிக்குப் போய், இரும்புச் சாமான் கடை ஒன்றில் எண்ணெய் தாங்கும் கறுப்பு ரப்பர் தகட்டைக் கண்டார். மெல்லியது. ஒரு பக்கம் துணி நெசவு போலச் சொரசொரப்பாக இருந்தது. கடை மேசையின் மேலே அதை விரித்து, ஒரு சாக்கெட்டை வைத்து, தகட்டோடு சாய்த்துப் பார்த்தார். இன்னும் சாய்த்தார். சாக்கெட் அசையவில்லை. வாங்கி வந்து ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஓரத்தில் மயிரிழை விட்டு வெட்டி, சொரசொரப்பு மேலே வரும்படி விரித்தார்.

மறுநாள் காலை திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அடுத்த நாளும் அப்படியே. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அதுவரை பார்த்ததில்லை என்று கவுஸின் மனைவி சைதூன் பின்னாளில் சொன்னார்.

அதன்பிறகு இழுப்பறைகள் தாமாகவே திறக்க ஆரம்பித்தன.

சத்தமே இருக்காது. சாமான்கள்தான் உருள்வதில்லையே. குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால், மூடி வைத்த இழுப்பறை ஒன்று ஆற்றை நோக்கி அரைவாசி நீண்டிருக்கும். சிமெண்டுத் தரை நன்றாகப் போடவில்லை போலும் என்று பெட்டியின் முன்கால்களுக்கு மரச்சில்லு கொடுத்தார். சில வாரம் சரியாக இருந்தது. மறுபடி திறந்தது. இன்னொரு சில்லு வைத்தார். மழைக்காலம் நெருங்குவதற்குள் முன்கால்களுக்கு அடியில் சில்லுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டன.

பின்கதவு நிலையில் சிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். மரம் ஈரத்துக்கு உப்பியிருக்கிறது என்று சீவிவிட்டார். சைதூன் ஒருநாள் வந்து, "அண்ணே, நம்ம கடையில கொழம்பு சட்டிய அடுப்புல வச்சா ஒரு பக்கமே பொங்குது. அடுப்பு சரியில்லையோ?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றார் இஞ்ஞாசிமுத்து. பார்க்கவில்லை.

ஒருநாள் மதியம் பட்டறையில் வேலை குறைவு. விரிப்பைத் துடைக்கலாமென்று மேல் இழுப்பறையைக் காலி செய்து ரப்பரை உருவி எடுத்தார். மூலையில் கிடந்த பேரிங் உருண்டை ஒன்று வெறும் தகட்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்காமல் முன்விளிம்புக்கு ஓடிப்போய் மோதியது. எடுத்துப் பின்னால் வைத்தார். மறுபடி ஓடியது. பெட்டிக்கு அடியில் அத்தனை சில்லுகள் இருந்தும் ஓடியது.

இஞ்ஞாசிமுத்து உருண்டையை எடுத்துப்போய்ச் சிமெண்டுத் தரையில் வைத்தார். அது ஒரு கணம் தயங்கிவிட்டு உருண்டது. அவருடைய கால்களைத் தாண்டி, லோரியின் அடியில் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்து, பின்கதவின் இடுக்கு வழியாக ஆற்றில் விழுந்தது. மணல் படகின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். கட்டடத்தின் பின்தூண்களுக்கு அடியில் மண் இல்லை. ஆறு குடைந்து உள்ளே போயிருந்தது. தூண்கள் வெறும் விளிம்பில் நின்றன.

நேரே கவுஸிடம் ஓடினார். அவரை நானா என்றுதான் அழைப்பார்.

"நானா, கரை உள்ள கொடஞ்சிருச்சு. நாம அந்தரத்துல நிக்கிறோம்."

கவுஸ் வந்து குனிந்து பார்த்தார். "அல்லா" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "வீட்டுக்காரன்கிட்ட சொல்லுவோம். கல்லு கொட்டுவான்" என்றார்.

கட்டடத்தின் சொந்தக்காரர் வருகிறேன் என்றார், வரவில்லை. மணல் எடுக்கிற இடத்தில் போய்ச் சொன்னபோது, தாங்கள் நடு ஆற்றில்தான் எடுப்பதாகவும் கரைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்றும் பதில் வந்தது. இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தூரத்தில் தெரியும் ஜெராய் மலை பல நாள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆறு கரைமட்டத்துக்கு ஏறி, பட்டறையின் பின்வாசலை நக்கியது. இஞ்ஞாசிமுத்து தூக்கம் கெட்டு அலைந்தார். வெள்ளத்தின் நடுவே பெட்டியை நகர்த்த லோரி எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு மழை விட்டது. ஒரே இரவில் ஆறு சரசரவென இறங்கியது. வெயில் பளிச்சென்று அடித்தது. சாலையில் எல்லாரும் ஈரத்துணிகளைக் காயவைத்துக்கொண்டு, தப்பித்தோம் என்று பேசிக்கொண்டார்கள். இஞ்ஞாசிமுத்து மட்டும் தரையில் விழுந்திருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் கை நுழைந்தது. அன்று காலையே ஒரு லோரியைப் பிடித்துப் பெட்டியை ஏற்றிச் சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கினார். உடனே கடைக்குள் நுழைந்தார்.

"நானா, இன்னைக்கே எடுங்க. சட்டி பானைய நான் தூக்குறேன்."

"தண்ணி ஏறும்போதே ஒண்ணும் ஆகல. எறங்கிருச்சு, இனிமே என்னா பயம்?"

"தண்ணிதான் இதுவரைக்கும் கரையத் தாங்கிப் பிடிச்சிருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல. வெரிசல பாருங்க."

"முத்தண்ணே, நீங்க எப்பவுமே இப்படித்தான். ஒரு ஸ்பேனர் நகந்தாலே உங்களுக்கு மூஞ்சி வெளுத்துரும்." கவுஸ் சிரித்தார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. இஞ்ஞாசிமுத்து பிச்சையின் கதையை அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவரை நம்பியது சைதூன்தான். புருஷனோடு வாக்குவாதம் செய்யாமல், சாப்பிட வந்தவர்களை எழுப்பிச் சாலைக்கு அப்பால் மரத்தடிக்கு அனுப்பினார். அடுப்பை அணைத்தார். அவரும் இஞ்ஞாசிமுத்துவுமாகப் பெரிய சட்டிகளைச் சுமந்து போனார்கள். கவுஸும் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சுகளைத் தூக்கினார். வேலை முக்கால்வாசி முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

"போதும். அசர் தொழுதுட்டு வந்துர்றேன்" என்று கவுஸ் உள்ளே போனார்.

"இங்கயே தொழுவுங்களேன்" என்றார் சைதூன்.

"உளு செய்யத் தண்ணி அங்கதான இருக்கு." தொழுமுன் முகம் கைகால் கழுவும் தொட்டி பின்னறையில் இருந்தது.

இஞ்ஞாசிமுத்து வாசல்வரை போனார். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. தொழுகிற மனிதரை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினார். திரும்பிச் சாலைக்கு நடந்தார்.

பெரிய ஓசை எதுவும் கேட்கவில்லை. துணி கிழிவது போல ஒரு சத்தம். கட்டடத்தின் கூரை மெதுவாகப் பின்னால் சாய்ந்தது, யாரோ நாற்காலியில் சாய்கிற மாதிரி. வாசல் பக்கம் மேலே உயர்ந்தது. அப்புறம் எல்லாம் ஒன்றாகக் கீழே போயிற்று. புழுதி அடங்கியபோது சாலைக்கு அப்பால் நின்றவர்களுக்கு, அதுவரை கட்டடம் மறைத்திருந்த ஆறு நேராகத் தெரிந்தது. சைதூன் கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். இஞ்ஞாசிமுத்துதான் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

கவுஸின் உடல் கீழாற்றில், மீன்பிடிப் படகுகள் கட்டுமிடத்தில் கிடைத்தது. மணல் படகு சில மாதம் நின்றது. கனமழைதான் காரணம் என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள். மறு வருடம் ஆற்றின் வளைவுக்கு அப்பால் அதே எஞ்சின் சத்தம் மறுபடி கேட்டது.

இஞ்ஞாசிமுத்து குரூணில், ஆறே இல்லாத சமதரையில் பட்டறை போட்டார். சைதூன் சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தருகே தன் அண்ணன் துணையோடு கடை திறந்தார். சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் இஞ்ஞாசிமுத்து அங்கே சாப்பிடுவார். முதல் சில வருடம் அவர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

ஒருமுறை மட்டும், கடையில் கூட்டம் இல்லாத நேரம், சைதூன் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னைக்கு வாசல் வரைக்கும் போனீங்களே. ஒரு தடவ சத்தம் போட்டு கூப்பிட்டிருக்கலாம்ல?"

இஞ்ஞாசிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கூப்பிட்டிருக்கணும் தங்கச்சி" என்றார்.

சைதூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி மீன்குழம்பை ஊற்றினார்.